குட்டியா, பெரிசா

ஜூன் 9, ஞாயிறு

பூனைக்குத் தத்தெடுப்பு முகாமாம்! பஸ் ஸ்டாண்டு சுவத்துல கலர் போஸ்டர் ஒட்டியிருக்கான். 'வாருங்கள், ஒரு உயிரைத் தத்தெடுங்கள்.' அடுத்த ஞாயித்துக்கிழமை, கல்யாண மண்டபத்துப் பந்தி ஹால்ல. பூனையை வாங்குவாங்க, கொண்டாருவாங்க, இல்ல அதுவா வந்து சேரும். தத்தெடுப்பாங்களா? அந்த ஒரு வார்த்தைக்காக நானும் என் புருஷனும் நாலு வருஷமா நாயா அலையறோம். வருமானச் சான்று கேட்டாங்க, மருத்துவச் சான்று கேட்டாங்க, வீட்டைப் பார்க்கணும்னு ரெண்டு தடவை வந்து பாத்ரூம் வரைக்கும் எட்டிப் பார்த்துட்டுப் போனாங்க. அந்த வார்த்தையைத் தூக்கிப் பூனை மேல போட்டா எனக்கு எப்படி இருக்கும்?

அங்கேயே கிழிச்சிருப்பேன். செழியன் கையைப் பிடிச்சுக்கிட்டார். (கோவமா இருக்கும்போது மட்டும்தான் அவர் பேரை எழுதுவேன். மத்தபடி 'இவர்'தான்.) பிடிச்சதோட விட்டாரா? போனை எடுத்து அந்தப் போஸ்டரை போட்டோ வேற எடுக்கறார்.

"மங்கை, முதல்ல ஒரு பூனையை வளர்த்துப் பார்ப்போமா?"

முதல்ல. அந்த 'முதல்ல'யைத்தான் என்னால முழுங்க முடியலை. "என்ன, ஒத்திகையா?"ன்னு நடுரோட்டுல கத்திட்டேன். கரும்பு ஜூஸ் போடறவன் மெஷினை நிறுத்திட்டுப் பார்க்கறான்.

வீட்டுல கத்தினா பக்கத்து வீட்டு பர்வீனுக்குக் கேக்கும், ஒரே சுவர்தான். அதான் இதுல கத்துறேன். லைனிங் துணிக்கடையில வருஷாவருஷம் கொடுக்கற டைரி வேற எதுக்கு இருக்கு.

ஜூன் 11, செவ்வாய்

ரெண்டு பட்டுப் பிளவுஸுக்குக் கை வைக்கணும். ஒண்ணுக்குக் கொக்கி பாக்கி. ஆடி பொறக்கறதுக்குள்ள எல்லாருக்கும் எல்லாம் வேணும், தைக்கிறவளுக்கு மட்டும் பத்துக் கையா இருக்கு?

இவர் ஏன் அப்படிச் சொன்னார்னு எனக்குத் தெரியாம இல்லை. போன வாரம் தத்தெடுப்பு அலுவலகத்துல அந்த அம்மா சொன்னதுதான் காரணம். கம்ப்யூட்டரை விட்டு மூஞ்சியைக்கூட நிமிர்த்தலை. "உங்க ரெண்டு பேர் வயசையும் கூட்டிப் பார்த்தா கைக்குழந்தைக்கு வரம்பு தாண்டிருச்சுங்க"ன்னாங்க. வயசைக் கூட்டறதா! கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்தப்பகூட எவனும் எங்க வயசைக் கூட்டலை.

"பெரிய பிள்ளைன்னா வாய்ப்பு இருக்கு. ஆறு வயசு, ஏழு வயசு. யோசிச்சுச் சொல்லுங்க."

இவர் தலையை ஆட்டோ ஆட்டுன்னு ஆட்டிட்டு வந்துட்டார். நானாவது முடியாதுன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டு வந்திருக்கணும்.

எனக்குக் கைக்குழந்தைதான் வேணும். இடுப்புல தூக்கி வச்சுக்கற பிள்ளை. யாரையும் ஞாபகம் வச்சுக்காம, ஒண்ணும் தெரியாம வர்ற பிள்ளை. இது ஒரு குத்தமா?

ஜூன் 16, ஞாயிறு

போயிட்டோம் முகாமுக்கு. "சும்மா பார்த்துட்டு வருவோம்"னு சொல்லிச் சொல்லியே இழுத்துட்டுப் போயிட்டார்.

குட்டிங்க எல்லாம் முன்னாடி, இலை போடற மேசை மேல. அதைச் சுத்தி அவ்வளவு கூட்டம். பெருசுங்க பின்னாடி, கை கழுவற இடத்துக்குப் பக்கத்துல கூண்டுல கிடக்குது. அங்க ஒரு ஆள் இல்லை. முகாம் நடத்தற பொண்ணு பேர் ஷீபா, இருபத்தஞ்சு வயசு இருக்கும். ரொம்பப் பெரிய மனுஷி மாதிரி சொல்றா:

"ஆன்ட்டி, தத்து கொடுத்ததுக்கு அப்புறம் நாங்க ஒரு தடவை வீட்டைப் பார்க்க வருவோம்."

"பாத்ரூமையுமா?"ன்னு கேட்டேன். அவளுக்குப் புரியலை. இவர் இருமினார்.

நான் குட்டி மேசையில நின்னேன். திரும்பிப் பார்த்தா இவரைக் காணோம். கை கழுவற இடத்துல ஒரு கூண்டு முன்னாடி குத்தவச்சு உக்காந்திருக்கார். உள்ள ஒரு பொட்டைப் பூனை. சாம்பலும் மஞ்சளுமா, காது நுனி வெட்டி. கருத்தடை பண்ணினதுக்கு அடையாளமாம். வீடு காலி பண்ணிட்டுப் போனவங்க அதை அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்களாம். மூலையில ஒடுங்கி உக்காந்துக்கிட்டு எங்களைப் பார்த்துச் சீறுது.

"இதை எடுப்போம் மங்கை. இதை யாரும் எடுக்க மாட்டாங்களாம்."

"யாரும் எடுக்காததை எடுக்கறதுக்கு நாம என்ன இளிச்சவாயங்களா? குட்டின்னா நம்ம கைச்சூட்டுல வளரும். பெருசு ஒட்டவே ஒட்டாது."

"நீ சொல்றியா அதை?"ன்னார்.

பந்தி ஹால்ல அத்தனை சத்தத்துலயும் அது மட்டும் தனியா கேட்டுச்சு. பூனையும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு ஆட்டோ பிடிச்சு நான் மட்டும் வந்துட்டேன். அவர் நடந்து வந்தார்.

ஜூன் 17, திங்கள்

பேசலை. குழம்புல உப்பு போடலை, வேணும்னேதான். செழியன் ஒரு வார்த்தை சொல்லாம சாப்பிட்டு எந்திரிச்சுப் போயிட்டார்.

ஜூன் 20, வியாழன்

இன்னும் பேச்சில்லை. அவர் என்ன அர்த்தத்துல 'நீ சொல்றியா'ன்னார்னு எழுதி வச்சிர்றேன், இல்லைன்னா நெஞ்சுலயே கிடந்து புளிச்சுப் போகுது.

எங்கம்மாவுக்கு நாங்க மூணும் பொண்ணு. பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. மூத்தவ தண்ணி தூக்க வேணும், கடைக்குட்டி பால் குடிக்கிறா, நடுவுல இருந்த என்னைக் கொடுத்தாங்க. அப்ப எனக்கு ஆறு வயசு. வத்தலக்குண்டு பஸ்ல ஏத்தி விடும்போது "பெரியம்மா வீட்டுல லீவுக்கு இருந்துட்டு வாடி"ன்னாங்க. நானும் ரெண்டு கவுனை மஞ்சப் பையில போட்டுக்கிட்டு ஜன்னலோர சீட்டுல சந்தோஷமா உக்காந்து போனேன். லீவு முடிஞ்சும் யாரும் கூப்பிட வரலை. அப்பத்தான் எனக்கு விஷயமே தெரிஞ்சுது.

கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டேன். பெரியம்மா தட்டை உள்ள தள்ளுவாங்க. அவங்க அந்தப் பக்கம் போனாத்தான் சாப்பிடுவேன்.

அவங்கதான் படிக்க வச்சாங்க, தையல் கிளாசுக்கு அனுப்பினாங்க, நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாங்க. எல்லாம் சரி. அம்மான்னு ஒரு நாள் கூப்பிட்டதில்லை. கூப்பிடவும் மாட்டேன். எங்கம்மாவை 'நீ, வா, போ'தான். பெரியம்மாவை இன்னைக்கு வரைக்கும் 'நீங்க, வாங்க.' என்ன மரியாதையான பிள்ளைன்னு ஊர்ல சொல்லுவாங்க. கல்யாணப் பத்திரிகையில பெத்தவங்க பேரைத்தான் போடணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். பெரியம்மா பேரு கீழே, 'தங்கள் நல்வரவை விரும்பும்' வரிசையில மூணாவதா வந்துச்சு. அதுல என்ன தப்பு? பெத்தவங்கதானே பெற்றோர்? செலவு பண்ணாங்கன்னு பொய்யா எழுத முடியும்?

அதனாலதான் சொல்றேன், பெருசு ஒட்டாது. எனக்குத் தெரிஞ்ச மாதிரி இந்த உலகத்துல எவளுக்குத் தெரியும்?

ஜூன் 23, ஞாயிறு

எங்களை மாதிரி ஒரு புருஷன் பொண்டாட்டி இந்தத் திண்டுக்கல்லுலயே இருக்க மாட்டாங்க.

காலையில பிளவுஸ் வாங்க வந்த கஸ்டமர் வீட்டுல பூனை குட்டி போட்டிருக்குன்னு சொன்னாங்க. கூடவே போனேன். வெள்ளையில ஒரு குட்டி, உள்ளங்கைக்குள்ள அடங்குது. பிளவுஸ் பையிலயே போட்டுக் கொடுத்தாங்க. தத்துமில்லை, கித்துமில்லை. வீடு பார்க்க வர்றேன்னு யாரும் சொல்லலை. சரி, அவர் முகத்துல கரியைப் பூசலாம்னு நடந்து வந்தா, வீட்டு வாசல்ல ஆட்டோ நிக்குது. கையில கூண்டோட இறங்கறார் மகராசன்! உள்ள அந்தக் காதறுந்தது!

ஒரு வார்த்தை பேசியிருந்தா இது நடந்திருக்குமா? ஒரு வாரமா வாயில கொழுக்கட்டை வச்சிருந்தோம், இப்ப வீட்டுல ரெண்டு பூனை.

"குட்டியைத் திருப்பிக் கொடுத்துரு"ங்கறார்.

"யோவ், நீ முதல்ல அதைத் திருப்பிக் கொடு!"

யோவ்னு வந்துருச்சு. பர்வீன் வீட்டு டி.வி. சத்தம் சட்டுன்னு நின்னுபோச்சு. அவளுக்கு இதைவிட நல்ல சீரியல் எங்க கிடைக்கும்?

கூண்டைத் திறந்ததும் பெருசு நேரா கட்டிலுக்கு அடியில போயிருச்சு.

ஜூன் 28, வெள்ளி

குட்டி நூல்கண்டைப் பூரா உருட்டிருச்சு. ஒரு பட்டுத் துணியில நகத்தைப் போட்டு இழை பிரிச்சிருச்சு, அந்த இடத்துல பூ வேலை போட்டு மறைச்சுக் கொடுத்தேன். நான் மிஷின் மிதிக்கும்போது மடியில ஏறித் தூங்குது. அந்தச் சூடு. தூக்கத்துல வாயைச் சப்புக்கொட்டுது. கால் மரத்துப்போனாலும் எந்திரிக்க மனசு வரலை, இன்னைக்கு ஒரு மணி நேரமா ஒரு பிளவுஸும் ஓடலை.

பெருசு? திமிர். நாம பார்க்கறப்போ சாப்பிடாது. தட்டை வச்சுட்டு அடுப்படிக்குப் போகணும், அதுக்கப்புறம் வந்து தின்னுட்டு மறுபடி உள்ள போயிரும். வேளாவேளைக்கு மீன் தலை வாங்கி, வேகவச்சு, முள்ளெடுத்துப் போடறது நான். என்னையே முறைச்சுப் பார்க்குது. ஒரு நன்றி இருக்கா? ஒரு வாலாட்டல்? போகட்டும், சீறாமலாவது இருக்கலாம்ல? சோறு போடறவளுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல?

மேலே எழுதினதைத் திரும்பிப் படிச்சேன். படிச்சிருக்க வேணாம்.

ஜூலை 3, புதன்

அலுவலகத்துல இருந்து அந்த அம்மா இவருக்குப் போன் பண்ணியிருக்காங்க. ஒரு பொண்ணு இருக்காளாம். ஏழு வயசு. பேரு நதியா. தாயும் தகப்பனும் இல்லை. ஏற்கெனவே ஒரு வீட்டுக்குக் கொடுத்து, அவங்க ரெண்டு மாசம் வச்சிருந்துட்டுத் திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாங்களாம். ஒட்டலையாம். அவளைப் பார்க்க வர்றோமா இல்லையான்னு இருபதாம் தேதிக்குள்ள சொல்லணும்.

அந்த ரெண்டு பேரும் எவங்கன்னு தெரிஞ்சா நேர்ல போய் நாக்கைப் பிடுங்கற மாதிரி நாலு கேள்வி கேப்பேன். பிள்ளையைக் கூட்டிட்டுப் போய்ச் சோறு போட்டு, பள்ளிக்கூடத்துல சேத்து, அப்புறம் இந்தா உங்க பிள்ளைன்னு விட்டுட்டு வர்றதுக்கு எப்படிக் கால் வந்துச்சு?

இவர், "அப்ப போய்ப் பார்ப்போமா?"ன்னார். முகமெல்லாம் அப்படி ஒரு வெளிச்சம்.

"முடியாது."

"ஏன் மங்கை பயப்படற?"

"பயமா? எனக்கா? கோவம்யா எனக்கு! அவ என்னை அம்மான்னு கூப்பிட மாட்டா. முப்பது வருஷம் சோறு போட்டாலும் கூப்பிட மாட்டா. பெத்தவளையே நினைச்சுக்கிட்டு என் வீட்டுல இருப்பா. எனக்குத் தெரியும். நான் இருந்தேன்."

அவர் குட்டியைத் தூக்கி என் மடியில வச்சுட்டு வெளிய போயிட்டார். அதுக்கும் சேத்து அழுகை வந்துருச்சு.

ஜூலை 7, ஞாயிறு

கட்டிலுக்கு அடியில கூட்டப் போனேன். பெருசு கையில பிறாண்டி, மணிக்கட்டுல இருந்து கட்டைவிரல் வரைக்கும் ரத்தம்.

ஆத்திரத்துல பின்கதவை ஆனமட்டும் திறந்து போட்டேன். "போ! போய்த் தொலை! யாரு உன்னைக் கட்டி வச்சிருக்கா? போயேன்!" விளக்கமாத்தை ஓங்கிக்கிட்டு நிக்கறேன். இவர் ஊசி போட என்னைக் கூட்டிட்டுப் போகணும்னு சட்டை மாட்டிக்கிட்டு இருக்கார்.

வந்துச்சு வெளிய. மெதுவா, சுவத்தோட ஒட்டிக்கிட்டு. வாசப்படியில நின்னு கொல்லையைப் பார்த்துச்சு. சுவத்தைத் தாண்டினா தெரு. தாண்டிரும்னுதான் நினைச்சேன். என்னை ஒரு பார்வை பார்த்துட்டுத் திரும்பி நடந்து கட்டிலுக்கு அடியிலயே போயிருச்சு. போகவும் மாட்டேங்குது, வரவும் மாட்டேங்குது. அப்ப என்னதான் வேணும் அதுக்கு?

ஆஸ்பத்திரியில ஊசிக்குக் காத்திருக்கும்போது ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது ஒரு நாள் பெரியம்மாவை நான் கடிச்சிட்டேன். பெரியம்மா என்னைத் தரதரன்னு பஸ் ஸ்டாண்டுக்கு இழுத்துட்டுப் போய் எங்கம்மா ஊருக்குப் போற திண்டுக்கல் பஸ் முன்னாடி நிறுத்தினாங்க. "போறதுன்னா ஏறு. டிக்கெட் நான் எடுத்துத் தர்றேன்"னாங்க. பஸ் கிளம்பிப் போச்சு. நான் ஏறலை. அவங்க ஏன்னு கேக்கலை, நானும் சொல்லலை. ஒரு முறுக்கு வாங்கிக் கொடுத்துக் கூட்டிட்டு வந்தாங்க.

ஜூலை 12, வெள்ளி

பெரியம்மாவுக்குப் போன் பண்ணினேன். பொங்கல், தீபாவளிக்குத்தான் பண்றது. எடுத்ததும், "யாருக்கு என்ன ஆச்சு?"ன்னு பதறினாங்க.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஒண்ணு கேக்கணும். நான் வந்தப்போ கட்டிலுக்கு அடியில எத்தனை நாள் கிடந்தேன்?"

"இது என்னடி கேள்வி, விளக்கு வைக்கிற நேரத்துல?"

"சொல்லுங்க."

"எத்தனை நாளா? நீ இன்னும் வெளிய வரலைடி."

எனக்குச் சுருக்குன்னுச்சு. அவங்க விடலை. எத்தனை வருஷமா அடக்கி வச்சிருந்தாங்களோ, கொட்டினாங்க. "வந்தன்னையில இருந்து உன் மூஞ்சியைக் கண்டாலே எனக்கு எரிச்சல். நான் என்ன உன்னைத் திருடிட்டா வந்தேன்? உங்கம்மாதான் கொடுத்தா. கோவம் பூரா என் மேல. ராட்சசி மாதிரி பார்ப்ப. போதும்டா சாமின்னு ஒரு நாள் உன் துணிமணியை எல்லாம் மூட்டை கட்டிட்டேன், தெரியுமா?"

"அப்புறம் ஏன் அனுப்பலை நீ?"

நீன்னு வந்துருச்சு. அந்தப் பக்கம் பெரியம்மா தொண்டையைச் செருமிக்கிட்டு அதே கோவத்தோட சொன்னாங்க:

"தட்டு வாங்கிட்டேன்லடி. எவர்சில்வர் தட்டு. அதுல மங்கைன்னு பேரை வெட்டியாச்சு. பேர் வெட்டின தட்டைக் கடைக்காரன் திருப்பி எடுப்பானா?"

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிக்க ஆரம்பிச்சது நிக்கவே இல்லை, போனை வச்சப்புறமும் தரையில உக்காந்து சிரிச்சுக்கிட்டே இருந்தேன். இவர் ஓடி வந்து பார்த்து, "ஏன் மங்கை அழற?"ன்னார்.

ஜூலை 14, ஞாயிறு

ஷீபா வீடு பார்க்க வந்தா. குட்டி போய்ப் பெருசை வம்புக்கு இழுக்குது, அது அறையுது. வீட்டுல இருக்கறது ஒரே ரூம், ஒரே கட்டில், ரெண்டும் எங்க போகும்? "ரெண்டும் ஒத்துப்போகாது ஆன்ட்டி. ஒண்ணைத்தான் நீங்க வச்சுக்க முடியும். குட்டியைக் கொடுத்தீங்கன்னா இன்னைக்கே போயிரும், வரிசையில நிக்கறாங்க"ன்னா.

"பெருசைக் கொடுத்தா?"

அவ குனிஞ்சு கட்டிலுக்கு அடியில பார்த்தா.

குட்டி என் தோள் மேல இருந்துச்சு. பிளவுஸ்ல நகத்தை மாட்டிக்கிட்டு விடலை, ஒவ்வொரு நகமா நானே எடுத்து விட்டேன். குட்டியை யார் வேணா எடுப்பாங்க. நானும்தான் எடுத்தேன், அதுல என் சாமர்த்தியம் என்ன இருக்கு? ஷீபா கையில கொடுத்துட்டு, "சீக்கிரம் கொண்டு போ, நின்னுக்கிட்டு இருக்காதே"ன்னு கத்தினேன். பாவம், அந்தப் பொண்ணு மிரண்டு போயிருச்சு. செருப்பைக்கூட ஒழுங்கா மாட்டாம ஓடினா.

மடி வெறிச்சுன்னு இருக்கு. இது நல்ல முடிவுன்னு யாராவது சொன்னாங்க, கத்திரிக்கோலாலயே குத்துவேன்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒண்ணு. ஆர்டர் ஓய்ஞ்சுபோச்சு. பெருசு இன்னும் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு. நானும் எட்டிப் பார்க்கறதை விட்டுட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

மத்தியானம் பாத்திரக்கடைக்குப் போனேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டம், உள்ள நுழைய முடியலை. ஆடியில யாராவது நல்ல காரியம் ஆரம்பிப்பாங்களான்னு என் மாமியார் கேப்பாங்க. கேக்கட்டும்.

தட்டு பார்த்தேன். விளிம்பு உசந்தது, சின்னக் கையால சாதம் பிசைஞ்சா வெளிய சிந்தாது. பேர் வெட்டறவன் மிஷினை வச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருந்தான்.

"என்ன பேரும்மா?"

"நதியா."

"இனிஷியல்?"

வாயைத் திறந்தேன். இவர் எழுத்தைச் சொல்லணும்னு அவ்வளவு ஆசை. தொண்டை வரைக்கும் வந்துச்சு. செ. நதியான்னு ஒரு தடவை மனசுக்குள்ள சொல்லிக்கூடப் பார்த்துட்டேன். பின்னாடி நின்ன ஒருத்தி, "சீக்கிரம் சொல்லுங்கக்கா, எத்தனை நேரம்?"ங்கறா. வந்துச்சு பாருங்க எனக்கு! "இரும்மா! பேரு வெட்டறதுன்னா விளையாட்டா? வெட்டினா அழியாது!"ன்னு அவளை ஒரு பிடி பிடிச்சுட்டு அவன்கிட்டத் திரும்பினேன்.

"பேருக்கு முன்னாடி இனிஷியலுக்குக் கொஞ்சம் இடம் விட்டு வெட்டுங்க. அது என்னன்னு அவ வந்து சொல்லுவா. சொல்லலைன்னா அப்படியே இருக்கட்டும்."

சாயங்காலம் இவர் வேலை முடிஞ்சு வந்தார். சட்டையைக்கூடக் கழட்டலை. பயந்துக்கிட்டே, "நாளைக்குக் கடைசி நாள் மங்கை. அந்த அம்மாவுக்கு என்ன சொல்ல?"ன்னார்.

"கடையில இருந்தே போன் பண்ணி வர்றோம்னு சொல்லிட்டேன். திங்கக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க"ன்னு தட்டை எடுத்து அவர் கையில கொடுத்தேன்.

பேரு மேல விரலை வச்சுத் தடவித் தடவிப் பார்த்தார். அந்தக் காலி இடத்துக்கு வந்ததும் விரல் நின்னுருச்சு. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அது அவ இஷ்டம். நீங்க ஒண்ணும் கேக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"சரி"ன்னார்.

"சரின்னா தட்டை உள்ள வைங்க. கண்ணுல தண்ணி விட்டுக்கிட்டு நிக்கறீங்க, புதுத் தட்டு."